மஞ்சள் பூசிய இறகு

ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்து பஸ் டிப்போவில் நான் மெக்கானிக். எங்கள் ஃபோர்மன் அலெக் செவ்வாய்க்கிழமை தோறும் மாலையில் வீட்டில் உட்கார்ந்து பூச்சி செய்வார். ஐம்பத்தைந்து வயது மனிதர், பகலெல்லாம் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற கை. அந்தக் கையில் அரிசியைவிடச் சற்றே பெரிய தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் பட்டு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு ஒன்றை வைத்துக் கட்டுவார். முடிந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஈ மாதிரி இருந்தால் ஒரு தலையாட்டல். இல்லையென்றால் பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மண்புழுவைக் கோத்தால் முடிந்துவிடுகிற காரியத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். தொழுதுகொண்டிருப்பவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

டிரவுட் என்ற மீனுக்காகத்தான் இந்த ஈக்கள். நம் ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இங்கே அதை யாரும் கொண்டுவந்து விடவில்லை. சாலை முடிந்த பிறகும் ஒருநாள் நடந்தால் வருகிற மலையாறுகளில் தானாகப் பிறந்து, தானாக வளர்ந்து, மனித நிழல் பட்டாலே கல்லுக்கடியில் ஓடிவிடும். மே மாதம் போகிற பயணத்துக்கு அலெக் நவம்பரிலேயே திட்டம் போடத் தொடங்குவார். மேசை முழுக்க வரைபடம் விரியும். எந்த ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது, எந்த இடத்தில் கூடாரம், மழை வந்து ஆறு கலங்கினால் எந்தப் பள்ளத்தாக்குக்கு மாறுவது என்று எல்லாம் பென்சிலில் குறித்து வைப்பார். நம்மூரில் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு முன்யோசனை கிடையாது.

வழக்கமாக அவரும் அவர் தம்பியும் இன்னொரு கூட்டாளியும் போவார்கள். அந்த வருடம் கூட்டாளிக்கு முழங்கால் வலி. ஒரு செவ்வாய்க்கிழமை அலெக் எதுவும் சொல்லாமல் வரைபடத்தின் ஓரத்தில் மூன்றாவது பெயராக என் பெயரை எழுதினார். எழுத்துப் பிழையோடுதான். அந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. டிப்போவில் என்னோடு சிரித்துப் பேசுகிற முப்பது பேரில் அலெக்கைத் தவிர ஒருவரும் என்னைத் தங்கள் வாசற்படி தாண்டிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஏப்ரலில் நான் ஊருக்குக் கிளம்பும்போது அலெக் ஒரு வேண்டுகோள் வைத்தார். இந்தியச் சேவலின் கழுத்து இறகுக்கு இந்த மனிதர்களிடம் பெரிய மரியாதை. தோலோடு உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, மூன்று கழுத்து கொண்டுவர வேண்டும். பயணம் மே இருபத்து நான்கு. என் லீவு முப்பத்தொன்று வரை இருந்தது. இருபதாம் தேதிக்கே திரும்புகிற மாதிரி சீட்டு எடுத்தேன்.

செங்கல்பட்டில் என் மனைவி ரஹீமா அவள் தாய்வீட்டில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் நிக்காஹ் முடிந்து, நாற்பது நாள் கூட இருந்துவிட்டு நான் விமானம் ஏறியவன். அவளை அழைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப் போட்டு, பதில் வரும் வரும் என்று காத்திருந்தோம். வந்த அன்றே, "இருபதாம் தேதியோடு லீவு முடிகிறது" என்று சொல்லிவிட்டேன். மீன் பிடிக்கத் திரும்பிப் போகிறேன் என்று செங்கல்பட்டில் எந்த வீட்டில் சொல்ல முடியும்? அவள் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, போன தடவையைவிடக் குறைவு என்று மட்டும் சொன்னாள்.

ரஹீமாவின் தம்பி கமாலுக்கு மார்க்கெட்டில் கோழிக்கடை. அவனிடம்தான் கழுத்து கேட்டேன்.

"இன்னா மச்சான், கறிய வுட்டுட்டு தோலு கேக்கறீங்க? சீமையில அத்தையும் துன்றானுங்களா?"

"தின்ன இல்லடா. இறகைக் கட்டி மீன் பிடிக்க."

நம்பவில்லை. நான் பெட்டியிலிருந்த அலெக்கின் ஈ ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மகாபலிபுரம் குப்பத்தில் தனக்குத் தெரிந்த மீன்காரரிடம் காட்டியே தீர வேண்டும் என்று மறுநாள் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்தான். கத்திரி வெயில். அந்த மனிதர் கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஈயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்களும் வெள்ளக் கோழி எறகு கட்டித்தான் இழுக்கறோம் அண்ணாத்த. ஆனா முள்ளு இம்மாம் பெருசு. இத்தினியூண்டுல இன்னா மாட்டும்?"

ஒரு சாண் மீன் மாட்டும் என்றேன். அதிலும் சிறியதை, கையை நனைத்துக்கொண்டு பதமாக எடுத்து ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்றேன்.

"மலை மேல நடந்து போயி, புடிச்சி, வுட்டுட்டு வர்றதா? அவங்க வூட்ல யாரும் ஒண்ணியும் கேக்கமாட்டாங்களா?"

கமால் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

கமால் கொண்டுவந்த மூன்று கழுத்தில் இரண்டு செவலை, ஒன்று வெள்ளை. உப்புத் தடவி மாடியில் காயப்போடச் சொல்லி ரஹீமாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், உப்புக்கண்டத்துக்குத் தடவுகிற மாதிரி உப்போடு மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகப் பூசியிருந்தாள். செவலையில் அவ்வளவாகத் தெரியவில்லை. வெள்ளைக் கழுத்து, இறகின் நுனி வரை மஞ்சள் ஏறி, சாமந்திப்பூ நிறத்தில் வெயிலில் கிடந்தது.

"மஞ்சப் பூசலன்னா நாறிப்போவுங்க. பூச்சி வெச்சிடும்" என்றாள்.

கத்திவிட்டேன். சொன்னதைச் செய்யத் தெரியாதா, அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்றெல்லாம் கேட்டேன். வந்து இரண்டு வாரத்தில் அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு கோழித் தோலுக்காக. அவள் மூன்றையும் திருப்பிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மே இருபத்தேழு, காலை பத்து மணிக்கு மெட்ராஸில் இன்டர்வியூ. கணவர் இந்தியாவில் இருந்தால் உடன் வருவது நல்லது என்று ஒரு வரி. வீடே என்னைப் பார்த்தது.

"ஒரு தந்தி குடுத்து ஒரு வாரம் கேளுங்களேன் மச்சான்" என்றான் கமால்.

"கிடைக்காது" என்றேன். ரஹீமா என்னை நம்பினாள். உடனே இன்டர்வியூவுக்குப் படிக்கவும் உட்கார்ந்துவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கிலீஷ் பழக வேண்டும், கையில் கிடைக்கிற எதையும் விடாமல் அகராதி வைத்துக்கொண்டு படி என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்.

சொன்னதைச் செய்தாள். நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அலெக்கின் நீல நிற ஏரோகிராம் கடிதம் வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது அது பிரிக்கப்பட்டு, அகராதியின் கீழே இருந்தது. நான்கைந்து சொற்களுக்கு அடியில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். கூடாரம் வாங்கியாகிவிட்டது, மலையில் பனி உருகி ஆறு நன்றாக ஓடுகிறது, இருபத்து நான்கு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், உனக்கு முப்பத்தொன்று வரை லீவு இருப்பதால் டிப்போவில் சிக்கல் இல்லை. அலெக்குக்கு எல்லாவற்றையும் தெளிவாக எழுதுகிற பழக்கம்.

"உங்க கூட்டாளி கையெழுத்து நல்லா கீது" என்றாள் ரஹீமா.

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை மறுபடியும் மாட்டினேன்.

"அந்த ஆறு அடுத்த வருசம் இருக்காதா?" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒருவர் கூப்பிட்டதையும், வரைபட ஓரத்தில் என் பெயர் இருப்பதையும், இந்த முறை வராவிட்டால் பிறகு கூப்பிடவே மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். அழுதிருந்தால் ஒருவேளை தங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் இருபதாம் தேதி விமானம் ஏறினேன். பெட்டியில் மூன்று கழுத்தையும் மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தது அவள்தான்.

அலெக் மஞ்சள் கழுத்தைப் பார்த்ததும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். கடையில் விற்கிற சாயத்தில் இந்த நிறம் வருவதில்லையாம். யார் செய்தது என்று கேட்டார். என் மனைவி, சமையலுக்குப் போடுகிற ஒரு பொடி என்று விளக்கினேன். அது அவர் காதில் ஏறவில்லை. "உன் மனைவிக்கு டிரவுட் தெரியும்" என்று மரியாதையோடு சொன்னார். நான் திருத்தவில்லை.

இருபத்தேழாம் தேதி விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் அந்த ஆற்றில் நின்றேன். மே மாதத்தில் அங்கே நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும். ரப்பர் பூட்ஸையும் மீறித் தொடை வரை குளிர் ஏறியது. ஊரிலிருந்து வந்து கடிகாரத்தை நான் மாற்றியிருக்கவில்லை, அது பத்து மணி காட்டியது. அந்த நேரம் கமால் அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றிருப்பான். அந்த இறகில் அலெக் கட்டித் தந்த மஞ்சள் ஈ தண்ணீரில் இரண்டு முழம் போயிருக்கும், மீன் கவ்வியது. அந்த மூன்று நாளில் எனக்கு மாட்டிய ஒரே பெரிய மீன் அது. கரையிலிருந்து அலெக் கைதட்டினார். ஆசைப்பட்டு வந்த இடம்தான், ஆனால் எனக்கு அங்கிருந்து போய்விட்டால் போதும் என்று இருந்தது. கையை நனைத்து மீனை எடுத்து, அளவு பார்க்காமலேயே விட்டுவிட்டேன். அலெக்குக்குப் புரியவில்லை.

ரஹீமாவுக்கு விசா கிடைத்தது. இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தாள். வந்து ஒரு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே இன்டர்வியூவைப் பற்றிச் சொன்னாள். போன வாரம் வரை உன் கணவர் இங்கேதானே இருந்தார், ஏன் உன்னோடு வரவில்லை என்று அதிகாரி கேட்டாராம்.

"இன்னா சொன்ன?"

"லீவு இல்ல சார், இருபதாந் தேதியோட முடிஞ்சிபோச்சின்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

அவர் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினாராம். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். நான் அவளுக்குச் சொன்ன பொய், என் பொருட்டு அவள் வாயில் போய் உட்கார்ந்து, அவளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. துணி மடிக்க உட்கார்ந்தேன்.

நவம்பரில் அலெக் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ரஹீமாவுக்கு ஒரு டப்பா பிஸ்கட், கக்கத்தில் அதே வரைபடம். மஞ்சள் பொடி கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு, அவள் பொட்டலம் கட்டித் தந்ததும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பிறகு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். மே மாதம், புதிய பள்ளத்தாக்கு, ஓரத்தில் மூன்று பெயர். இந்த முறை என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை. காது கேட்காதவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, உங்கள் கணவரை ஒரு வாரம் அனுப்புவீர்களா என்று ரஹீமாவிடம் கேட்டார்.

ரஹீமா தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

"நோ லீவ்" என்றாள்.

டிப்போவின் லீவுப் பட்டியலைத் தன் கைப்பட எழுதுகிற மனிதர் அலெக். என் கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"ஆறு அடுத்த வருசமும் இருக்கும்னு சொல்லுங்க அவருக்கு" என்றாள் தமிழில்.

சொன்னேன். அலெக் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து மூன்றாவது பெயரை அழித்தார். தூளை ஊதிவிட்டபோது அது மேசைமேல் சிந்தியிருந்த மஞ்சள் பொடியோடு சேர்ந்துகொண்டது. ரஹீமா இரண்டையும் ஒன்றாகத் துடைத்தாள். வரைபடத்தில் பென்சில் அழுத்திய தடம் மட்டும் போகவில்லை. ஆற்றுக்குப் பக்கத்தில், சாய்த்துப் பார்த்தால் என் பெயர் இன்னும் தெரிந்தது.