பனி நரிப் பேச்சும் எலிப் பொட்டலமும்

ஐந்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் எனக்கு வந்த தலைப்பு, 'பனி நரியைக் காப்போம்'. குடவாசலைத் தாண்டி உலகம் பார்க்காத எனக்கு வடதுருவம்! அம்மா செல்போனில் தேடிச் சொல்ல, நோட்டில் ஏழு தடவை எழுதி உருப்போட்டேன். குளிரில் வெள்ளையும் கோடையில் பழுப்புமாக மாறும் நரி, எலி பெருகிய வருடத்தில் குட்டிகளை அதிகமாக ஈனும் நரி என்று நான் கையை ஆட்டி முழங்கியதில் வீட்டுக் கோழிகள் கொல்லைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டன.

போட்டியன்று விடியும்போதே மாமா வந்து எழுப்பினார். அம்மாவின் தம்பி, அடுத்த தெரு, குத்தகை நிலத்தில் குறுவை போட்டிருந்தார்.

"நரி மொகத்துல முழிச்சா எடுத்த காரியம் ஜெயம், பாப்பா. கண்ணத் தொறக்காம வண்டியில ஏறு."

வாய்க்கால் கரையில் கண்ணைத் திறந்தேன். நாணல் ஓரம் பழுப்பாக ஒரு நரி நின்று எங்களைப் பார்த்தது. வயிறு தொங்கியிருந்தது. நம்மூர் நரி நன்றாகச் சாப்பிடும் போல என்று நினைத்தேன். அன்று எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் பாதி நரிக்குச் சேர வேண்டும் என்று மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் பயிர் கதிர் விட, எலி வெட்டத் தொடங்கியது. நடுவயலில் வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற வருடங்களில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்க ஆட்கள் வருவார்கள். அந்த முறை யாரும் கிடைக்கவில்லை. மாமாவே அரிசியில் எலி மருந்தைக் கலந்தார். வாசனைக்கு எலி வரட்டும் என்று கருவாட்டை வறுத்துப் பொடித்துத் தாராளமாகவே போட்டார். பொட்டலம் மடிக்கக் காகிதம் கேட்டார். பரிசு வாங்கிய பேச்சுக்கு இனி என்ன வேலை? நானே நோட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் மாமாவின் வரப்பில் கூட்டம். புகுந்து பார்த்தேன். அதே நரி. வாயில் நுரை, கால்கள் விறைத்துக் கிடந்தன. பக்கத்தில் கிழிந்த பொட்டலத்தில் என் குண்டுக் கையெழுத்து: 'நாம் காப்போம்'.

"எலிக்குத்தான வச்சேன்... எலிக்குத்தான வச்சேன்" என்று மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புல் அறுக்க வந்த அக்கா குனிந்து பார்த்து, "மடியில பால் கட்டியிருக்கு பாருங்க" என்றார் மெதுவாக. மாமா சட்டென்று வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பினார்.

மறுநாளிலிருந்து விடியலில் எங்கள் வாசல் வழியாக அவர் தனியாக வாய்க்காலுக்குப் போனார். கையில் கோழிக்குடல் கட்டிய வாழையிலைப் பொட்டலம். "நானும் வரேன் மாமா" என்றேன். "வேணாம், நீ உள்ள போ" என்றார். இன்னொரு நரியைக் கண்டுபிடித்து, அதன் முகத்தில் தான் மட்டும் விழித்து அதிர்ஷ்டம் சேர்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம். அவரோடு பேசுவதையே விட்டேன்.

ஐந்தாம் நாள் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

"இனிமே போவ வேண்டியதில்லக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வேண்டிய மட்டும் அதிர்ஷ்டம் சேர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, என் பரிசுத் தட்டில் இட்லி சாப்பிட்டேன்.