மோல்மீனுக்கு ஒரு பழம், பூந்தமல்லிக்கு ஒரு பழம்

பூந்தமல்லியில் காலை எட்டு மணி ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. நான் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேனா என்று பார்த்தால் போதும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபிறகு பட்டணத்திலிருந்து வரும் பஸ்ஸெல்லாம் கரி பஸ்ஸாகிவிட்டன. முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதில் கரி புகைய, அந்தப் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு வண்டி ஓடுகிறது. வானகரம் வரை சாதுவாக வரும் அது, எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது மட்டும் டமாரென்று ஒரு வெடி வெடிக்கும். தெருநாய்கூட இப்போது அதற்குக் காதை அசைப்பதில்லை. டிக்கெட் குமாஸ்தாவாகிய நான் மட்டும் டிக்கெட் புத்தகத்தோடு பெஞ்சுக்கு அடியில் இருப்பேன்.

“எட்டாய்டுச்சுடா ராஜா. பர்மா நைனா உள்ள பூந்துட்டாரு” என்று ஜட்காக்காரன் கன்னியப்பன் தன் குதிரையிடம் சொல்வான். பிறகு என்னிடம் குனிந்து, “இன்னா நைனா, அங்க காத்து நல்லா வருதா?” என்று விசாரிப்பான்.

இந்த ஊர் மக்கள் நல்லவர்கள். சிரித்து முடித்ததும் இரக்கப்படுவார்கள். “பாவம், குண்டு போட்ட ஊர்லேந்து வந்த மனுசன்” என்பார்கள். கடல் கடந்து வந்து என்னைப் போலவே மூலைக்கு மூலை ஒதுங்கியிருக்கும் பர்மாக்காரர்களே, உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஆயுளில் நான் ஒரு குண்டு விழும் சத்தத்தையும் கேட்டதில்லை. குண்டு விழுவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே ஓடி வந்தவன் நான். ரங்கூனில் கலவரம், நம்மவர்களை அடிக்கிறார்கள் என்று செய்தி வந்ததே, அந்த ஆண்டு. எங்கள் மோல்மீனில் ஒரு கூழாங்கல்கூட எவர் மேலும் விழவில்லை. ஆனால் நான் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்தில் நின்றேன். அடித்தால் வலிக்கக்கூடாது அல்லவா?

செய்தி வந்தபோது நானும் என் அக்கா தனபாக்கியமும் கடைக்குப் பின்னால் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். மரமறுக்கும் ஆலையில் அத்தான் இறந்தபின், சால்வீன் ஆற்றங்கரைப் பஜாரில் இட்லிக்கடை போட்டு என்னையும் ஆளாக்கியவள் அவள். பர்மியப் பெண்கள் அவளை ‘அமா’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, இட்லிக்கு மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்குப் பிள்ளையும் நான்தான், குட்டியும் நான்தான். நான் மூட்டை கட்டுவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“எங்கேடா ஓடறே? கல்லடி விழறது ரங்கூன்ல. உனக்கு இங்கே மண்டை வீங்குதா?”

“நீயும் வாக்கா. சொந்த ஊருக்குப் போயிடலாம்.”

“யாருக்குடா சொந்த ஊரு? அப்பா கிளம்பி வந்த ஊரு அது. நீயும் நானும் அதோட மண்ணை மிதிச்சிருக்கமா?”

மிதித்ததில்லை. அப்பா வாயிலிருந்து கேட்ட பெயர்தான் பூந்தமல்லி. அந்தப் பெயரை நம்பிக் கப்பலேறினேன். நடுக்கடலில் வாந்தி எடுத்து ஓய்ந்து சட்டைப் பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது, பித்தளைத் தாயக்கட்டை இரண்டில் ஒன்று என்னோடு வந்துவிட்டது.

அக்காவின் முதல் கடிதம் அதைப் பற்றித்தான். பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘ஒத்தைக் கட்டையை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஆட? இனிமே ஆட்டம் கடிதாசியில. என் ஊரு ஒசத்தியா, நீ ஓடிப்போன ஊரு ஒசத்தியா? ஒரு கடிதாசிக்கு ஒரு பழம்.’ தாயக்கட்டத்தில் காய் சுற்றி வந்து வீடு சேர்ந்தால் அதைப் பழம் என்போம். அப்படி ஆரம்பித்து மூன்று வருஷம் ஊரை வைத்து ஆடினோம்.

எங்கள் ஊரில் மலைமேல் பகோடாக் கோயில்கள், மாலையில் ஆற்றுக் காற்று, உன் ஊரில் ஆறு உண்டா என்று கேட்டாள். உண்டு, கூவம், கொஞ்சம் நடக்க வேண்டும், போய்ச் சேர்ந்தபிறகு தண்ணீரைக் கொஞ்சம் தேட வேண்டும் என்று எழுதினேன். பழம் அவளுக்கு. அடுத்த கடிதத்தில் நான் மல்லிகையை இறக்கினேன். ‘விடியற்காலையில் பட்டணத்துக்குக் கூடை கூடையாகப் பூ போகிறது, தெருவே மணக்கிறது, உன் ஊரில் காலையில் என்ன மணக்கிறது? கருவாடு!’ பழம் எனக்கு.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் ஓர் ஊரைப் பற்றி வாரம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அந்த ஊரைப் பார்த்தாக வேண்டும். நான் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க இரண்டு ஊருக்கும் ஒரே ஜாதகமாகத் தெரிந்தது. வெள்ளைக்காரன் பர்மாவுக்குள் வந்த புதிதில் மோல்மீன்தான் அவனுக்குத் தலைமை ஊர். பிறகு ரங்கூன் கிடைத்தது. அதிகாரியும் கப்பலும் அங்கே போய்விட, எங்களுக்கு மிஞ்சியது மழையும் பெரிய பெரிய வீடுகளும். பூந்தமல்லியிலும் ஒரு காலத்தில் வெள்ளைப் பட்டாளம் இருந்தது. அது போனபின் பங்களாக்களின் தாழ்வாரத்தில் ஆடு குட்டி போட்டது. பெரிய நகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர், கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கல்யாணமாகாத அக்கா மாதிரி. பந்தலில் பாதி வேலை அவள் தலையில். பார்க்கிற கண்ணெல்லாம் தங்கைமேல்.

ஆனாலும் அப்படிப்பட்ட ஊரில்தான் என்னைப் போன்றவன் இருக்க முடியும். ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் மூன்று பேர் கஞ்சியோடு வந்து, ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்பார்கள். ரங்கூனில் செத்தாலும் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டமாட்டான். அக்கா இதற்குப் பதில் எழுதினாள்: ‘இது ரெண்டு ஊருக்கும் பொது. பழம் யாருக்கும் இல்லை.’ இங்கே புதிதாக மின்சார விளக்கு வந்ததும், பஸ் வந்ததும், பூந்தமல்லி எழுந்து நிற்கிறது என்று நான் அளந்தேன். அங்கே ரப்பர் வியாபாரம் சூடுபிடித்து, பஜாரில் பூட்டிக் கிடந்த கடையெல்லாம் திறந்துவிட்டதென்று அவள் அளந்தாள். இரண்டு ஊரையும் நாங்கள் இரண்டு பேரும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம்.

ஜப்பான் சண்டையில் இறங்கிய மாதம் அவளிடமிருந்து சின்னக் கடிதம் வந்தது. ‘ஊர் ஊருன்னு பேசினது போதும். இந்தக் கடைசிப் பழம் உனக்கே. கடையை வித்துடறேன். எனக்கு ஒரு அறை பார்த்து வை. ஜன்னல் இருக்கணும்.’

குதித்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஜெயித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஜன்னல் வைத்த அறை ஒன்றைப் பேசி முடித்தேன். கன்னியப்பன்கூட, “அக்கா வரட்டும் நைனா, ஹார்பர்லேந்து நம்ம வண்டிலயே இட்டாந்துடலாம்” என்றான்.

அந்த வாரம்தான் பட்டணத்திலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன. ஜப்பான்காரன் கப்பல் கடலில் தெரிகிறதாம் என்று ஒருவன் சொன்னான்; தெரிந்ததாம் என்று அடுத்தவன் சொன்னான். மாட்டு வண்டியில் பீரோ, கட்டில், ஆட்டுக்கல், வக்கீல் வீட்டுத் தையல் மெஷின் எல்லாம் பெங்களூர் ரோட்டில் வரிசையாக நகர்ந்து வந்தன. பட்டணமே பூந்தமல்லிக்கு ஓடி வருகிறதென்றால், பூந்தமல்லிக்காரன் எங்கே ஓடுவது? ஜப்பான்காரன் நேரே சென்னைத் துறைமுகத்தில் இறங்குவான், அதே நேரம் அக்காவின் கப்பலும் அங்கே வந்து நிற்கும் என்று என் மூளை படம் வரைந்தது. மோல்மீன் ஒரு மூலையில் இருக்கிற ஊர், அதை யார் சீந்தப் போகிறார்கள்? மூலை ஊர்தான் பத்திரம். தபாலாபீசுக்கு ஓடினேன்.

தந்திக் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் போஸ்ட்மாஸ்டர் கேட்டார். “யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“யோசிக்கறதுக்கு ஏது சார் நேரம்?”

‘வராதே. இங்கே ஆபத்து. அங்கேயே இரு.’ எவ்வளவோ வேடிக்கை எழுதிய கை, அன்றுதான் வேடிக்கையில்லாமல் எழுதியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சில வாரத்துக்குள் மோல்மீன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. தபால் நின்றது. பூந்தமல்லியில் இன்றுவரை ஒரு குண்டும் விழவில்லை. அதற்கு மாறாக, ஊர் மேல் அதிர்ஷ்டம் விழுந்தது. பூட்டிக் கிடந்த பங்களாக்கள் ஓடி வந்தவர்களுக்காகத் திறந்தன. ஆடுகள் வெளியேறின. பளிங்கு மேஜை போட்ட காப்பி ஹோட்டல் வந்தது. ஆளுயரக் கண்ணாடியோடு ஒரு சலூன் வந்தது. பயம் தெளிந்து பாதிப் பேர் பட்டணத்துக்குத் திரும்பியபோது, ஊர் மறுபடி படுத்துவிடும் என்று நினைத்தேன். படுக்கவில்லை. ஆவடியிலும் பட்டாபிராமிலும் ராணுவக் கிடங்குகள் எழுந்தன. லாரி பழுது பார்க்கும் பட்டறைகள் ரோட்டோரம் வரிசை கட்டின. கன்னியப்பன் குதிரைக்குப் புது மணி வாங்கிக் கட்டினான்.

“ஜப்பான்காரன் புண்ணியத்துல நம்ம ஊரு ஜோரா கீது நைனா” என்றான் ஒரு நாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, “நான் ஒரு லூசு. மன்சுல வெச்சுக்காதே” என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஓர் ஊர் எப்படி எழுகிறது என்று மூன்று வருஷம் கடிதத்தில் வாதாடியவன் நான். இன்னோர் ஊர் விழுவதால் எழும் என்பது எங்கள் இருவர் ஆட்டத்திலும் வரவே இல்லை.

போன வருஷம் ஒரு நாள், பட்டாபிராம் மிலிட்டரி ரயில் சைடிங்கில் மூட்டை இறக்கும் ஒருவர் டிக்கெட் வாங்க வந்தார். டிக்கெட்டைப் பார்க்கவில்லை, என் இடுப்பிலிருந்த லோஞ்சிக் கைலியைப் பார்த்தார். பர்மாவில் முன்பக்கம் முடிச்சுப் போடுவோமே, அதை நான் இன்னும் விடவில்லை. “அண்ணே, மோல்மீனா?” என்றார். பெயர் அந்தோணி. அக்கா கடையில் இட்லி சாப்பிட்டவர், மலைக்காடெல்லாம் நடந்து இந்தியா வந்து சேர்ந்தவர். நான் யாரென்று சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா படித்துறைக்கே வந்துட்டாங்கண்ணே. பொட்டியும் சுருட்டின பாயுமா என் பக்கத்துலதான் ஆறு தாண்டற படகுக்கு நின்னாங்க. தந்திக்காரன் கடையில தேடிட்டு அங்கே ஓடி வந்தான். இங்கிலீசு தந்தி, நான்தான் படிச்சுச் சொன்னேன்.”

“நீங்களா?”

“நான்தான். ‘அக்கா, உங்க தம்பி சும்மாவே பயப்படுவாருன்னு நீங்கதானே சொல்வீங்க, ஏறுங்க’ன்னேன். அவங்க சிரிச்சாங்கண்ணே. ‘அந்தோணி, எந்தம்பி இலை அசைஞ்சா ஓடறவன். அவ்வளவு பயப்படறவனே ஒரு ஊரைப் பார்த்து அங்கேயே இருன்னு சொன்னா, அதைவிடப் பத்திரமான ஊரு ஒலகத்துல கிடையாது’ன்னாங்க. பொட்டியைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரியாதுண்ணே. நான் படகுல ஏறிட்டேன்.” டிக்கெட் காசை எண்ணிக்கொண்டே சொன்னார்: “செருப்பு மட்டும் கண்ணுல நிக்குது. சிவப்பு வெல்வெட்டு வார் வெச்ச பர்மாச் செருப்பு. புதுசு. ஊருக்குப் போறோம்னு வாங்கினதாம்.”

அன்று எந்த வெடியும் வெடிக்கவில்லை. நான் பெஞ்சுக்கு அடியில் போயிருக்க வேண்டிய நேரம் அதுதான், போகவில்லை. அந்தோணிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். என் கோழைத்தனத்தை ஊரே கேலி செய்தது, நானும் செய்தேன். அதை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

இப்போதும் கடிதம் எழுதுகிறேன். போஸ்ட்மாஸ்டர் முதலில் தடுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். உறையின் முன்பக்கம் மோல்மீன், பின்பக்கம் பூந்தமல்லி. நடுவில், சேவை இல்லை என்று ஒரு முத்திரை குத்தி, சில வாரத்தில் என்னிடமே திரும்பி வருகிறது. ஆட்டத்தில் இப்போது நான் அவள் கட்சி. உன் ஊரில்தான் காற்று, உன் ஊரில்தான் மழை, இங்கே கூவம் வற்றிவிட்டது, பளிங்கு மேஜைக் காப்பி வாயில் வைக்க வழியில்லை, பழம் உனக்கு, இதுவும் உனக்கு என்று எழுதுகிறேன். ஜன்னல் வைத்த அறையை நான் விடவில்லை. ஒற்றைத் தாயக்கட்டை அந்த ஜன்னலில் இருக்கிறது.

பர்மாவிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒருவர் இருவராக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் எட்டு மணி பஸ் முக்கியம். நேற்றும் அது திரும்பியது, வெடித்தது, நான் உள்ளே போனேன். முதல் தடவைகளில் பயந்துதான் போனேன், மறுக்கவில்லை. ஆனால் பெஞ்சுக்கு அடியிலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது, முகம் தெரியாது. பஸ் படிக்கட்டு மட்டும் தெரியும். அதில் இறங்குகிற பாதங்கள் ஒவ்வொன்றாய்த் தெரியும். பூக்காரியின் வெறுங்கால், பட்டறைக்காரனின் எண்ணெய்க் கால், சிப்பாயின் பூட்ஸ்.

“எறங்கியாச்சு நைனா, எல்லாரும் எறங்கியாச்சு. எழுந்து வா” என்றான் கன்னியப்பன்.

“இரு, இன்னும் பயம் தெளியல” என்றேன். கண்டக்டரின் கால் கடைசியாக இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.