தேவகி அக்காவின் பிரெஞ்சு விவசாயிகள்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் மல்கிரேவ் வாசகர் வட்டக் குழுவில், யாரோ போட்டிருந்த பிறந்தநாள் கேக் படத்துக்குக் கீழே: "தேவகி அக்கா இன்று காலை காலமானார். மாரடைப்பு." பத்து நிமிடத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒரு ஜோடி போட்டேன்.

முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இறுதிச் சடங்கிலும் அதைத்தான் பேசினார்கள். ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சு நாவலைத் தமிழாக்கியவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் வயல் வைத்திருந்த குடும்பம். போருக்குத் தப்பிப் பாரிஸ் போய், உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிரெஞ்சு கற்றவர். அங்கே பழைய புத்தகக் கடையில் கிடைத்தது அந்த நாவல்; பிறகு இங்கே குடியேறியபோது அதையும் கொண்டுவந்தார். நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசலிலேயே சாப்பாட்டுக்கு நிற்கும் கிழவனின் கதை. "எங்கட ஊர்க் காணிச் சண்டையைப் பிரெஞ்சுக்காரன் எப்பிடித் தம்பி கண்டவன்?" என்பார். "அதிலை நல்ல கமக்காரன், நீர் சொல்லுற விவசாயி, எண்டு ஒருத்தனும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிச்சது."

ஒருமுறை வட்டத்தில் ஓர் அத்தியாயம் வாசித்தார். வரப்பை வெட்டித் தள்ளியதற்காக அண்ணனும் தம்பியும் ஏசிக்கொள்ளும் இடம். வன்னி வயலில் எப்படி ஏசுவார்களோ அப்படியே எழுதியிருந்தார். ஒருவர் எழுந்து, "பெண்கள் இருக்கிற இடம்" என்றார். "நானும் பொம்பிளைதானே, நான்தானே வாசிக்கிறன்?" என்று கேட்டுவிட்டு அக்கா தொடர்ந்தார். வாசித்து முடித்தபோது பாதி நாற்காலிகள் காலி.

எங்கள் வட்டம் வெளியிடும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவன் நான். மொழிபெயர்ப்பைக் கையால் எழுதியிருந்த ஏழு நோட்டுப் புத்தகங்களையும் என்னிடம் தந்தார். இரண்டு ஆண்டுகள் என் அலமாரியில் இருந்தன. ஒரு நாள் தொலைபேசியில், "அக்கா, இதை அப்படியே போட முடியாதுங்க. கொஞ்சம் நாகரிகமா மாத்திக் கொடுங்க" என்றேன்.

"காணிக்கு அடிபடுறவன் செந்தமிழிலையோ ஏசுவான்?"

"யார் படிப்பாங்கக்கா?"

"ஓம். நீர் படிச்சனீரோ?" என்றார்.

முதல் நோட்டோடு நிறுத்தியிருந்தேன். அந்த வாரமே காரில் போய் ஏழையும் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மணிகூட அடிக்கவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்து, சிட்னி கெல்லிவில்லிலிருந்து வந்திருந்த அவர் தம்பியிடம் அந்த நோட்டுகளைக் கேட்டேன். நல்ல மனிதர். அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாடகை வீடு அண்ணை, வீட்டுத் திறப்பை ஓனரிட்டைத் திருப்பிக் குடுக்க வேணும். கட்டுக்கட்டாக் கடதாசி கிடந்தது. எல்லாம் றீசைக்கிளிங்குக்குப் போட்டிட்டன். நேற்று லொறி வந்து எடுத்துக்கொண்டு போயிட்டுது." பிறகு தயங்கி, "முக்கியமான பேப்பரோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். துக்கத்தில் இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது என்று அப்போது நினைத்தேன். அவர் கேட்டது போலவே அக்காவும் ஒருமுறை கேட்டிருந்தால், அவரிடமும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை பத்தொன்பது பக்கங்கள். அச்சில் வரவே கூடாதென்று சிவப்பு மையால் வட்டமிடுவதற்காக நகலெடுத்து வைத்தவை. அந்த நாவலில் தமிழில் இருப்பது இனி இவ்வளவுதான். நேற்று அத்தனையையும் படித்தேன். திருத்த ஒன்றுமில்லை.