கல்யாணக் காருக்கு ஊதுபத்தி

என் மனைவியின் தங்கைக்குத் திங்கட்கிழமை காலை தாம்பரத்துத் தேவாலயத்தில் கல்யாணம். மணப்பெண் புறப்பட வேண்டியது இரும்புலியூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து. "அத்தான் ஓட்டுனாத்தான் ஏறுவேன்" என்று நிச்சயதார்த்தத்தன்றே அவள் சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டியிருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை கார் இருமத் தொடங்கியது.

அறுபதுகளின் கடைசி அது. இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு எங்களிடம் வந்த சிறிய கார். திருநெல்வேலியிலிருந்து வந்த மாமனாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்று முறை அணைந்தது. மூன்றாவது முறை பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடிக்கவே, அவர் இறங்கி மீதி தூரத்தை நடந்தே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தீர்ப்பைத் தள்ளிப்போடுகிறவர் அல்ல.

"மாப்ள, இதுல எம்மவளை ஏத்துனா கல்யாணம் ரோட்டுலதான் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் டாக்சிக்குச் சொல்லிருதேன்."

ஆக, எனக்கு இருந்த அவகாசம் சனிக்கிழமை மாலை வரை. மதியம் சாப்பாட்டில் மைத்துனி எனக்கு மட்டும் இரண்டு அப்பளம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்பது மாறாதபடி ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். அவற்றின் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். நான்கும் சாக்பீஸ் போல வெளுத்திருந்தன. எஞ்சினுக்குள் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் நுண்ணிய துளைகளை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். இருமல் அப்படியே இருந்தது. பிறகு சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். அது காற்றை அடக்கிப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ். இழுத்த நொடியே எஞ்சின் நிதானமாக ஓடியது. பெட்ரோல் ஒழுங்காகத்தான் வருகிறது. எங்கோ ஓரிடத்தில் வேண்டாத காற்று நுழைகிறது என்று முடிவுகட்டினேன்.

எங்கே என்பதுதான் தெரியவில்லை. சனிக்கிழமை காலை சைக்கிள் டியூபுக்குச் செய்வது போலச் சோப்புத் தண்ணீரைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஒரு நுரைகூட எழவில்லை. காபி கொண்டுவந்த மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, டியூப் காத்தை வெளிய விடும். இது உள்ளல்ல இழுக்குது? நுரை எப்படி வரும்?"

வராதுதான். உள்ளே இழுக்கப்படுவதைக் காட்ட வேண்டுமானால் புகை வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. எங்கள் சபையார் வீடுகளில் ஊதுபத்தி ஏற்றுவதும் இல்லை. மனைவி சுவருக்கு மேல் எட்டிப் பக்கத்து வீட்டில் கேட்டாள். தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒரு கட்டு ஊதுபத்தியுடன் தாமே வந்து சேர்ந்தார்.

"இன்னா சார், காருக்குப் பூஜையா? பொரிகடலை எப்போ தருவீங்க?"

பெட்ரோல் டின்னைத் தோட்டத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஈரச் சாக்கையும் ஒரு வாளி மணலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டேன். ஒரே ஒரு பத்தியைக் கொளுத்தி, இணைப்பு இணைப்பாக மெதுவாகக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து, போதகரைச் சந்திக்கப் போயிருந்த மாமனார் கேட்டைத் திறந்தார்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில், மாப்பிள்ளை காரின் முன் குனிந்து ஊதுபத்தி காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் குடையைக்கூட மடக்கவில்லை.

"எத்தனை நாளா நடக்கு இது?"

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் பதில் சொல்ல வாய் திறக்கையில், நேராக எழுந்துகொண்டிருந்த புகை சட்டென்று வளைந்து, கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் ஒரு நூலைப் போல நுழைந்து மறைந்தது. மாமனாரும் அதைப் பார்த்துவிட்டார். குடையை என் மனைவியிடம் கொடுத்தார். பத்தியை என் கையிலிருந்து வாங்கி, தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் புகை அதே இடத்தில் போய்ப் புகுந்தது.

"இங்கனதான் மாப்ள. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார், தாமே கண்டுபிடித்ததைப் போல.

எஞ்சின் ஆறியபின் கழற்றினோம். கார்புரேட்டருக்கு அடியில் இருந்த கேஸ்கட், அதாவது இடைவெளியை அடைக்கும் அட்டை, ஒரு மூலையில் பொடிந்துபோயிருந்தது. பாய் கடையிலிருந்து கேஸ்கட் தாள் வரவழைத்தார். மனைவி அதைக் கார்புரேட்டரின் அடியில் வைத்து, பூவேலைக்கு மாதிரி எடுப்பது போலப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, தன் சின்னக் கத்தரியால் வெட்டித் தந்தாள். இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே பக்கம் முடுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும். மாமனார் பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கம்... இப்ப இந்தப் பக்கம்" என்று தேர்வு மேற்பார்வையாளர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் அவரை ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பினேன். ஒரு இருமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் டாக்சியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, அவரும்தான்.

திங்கட்கிழமை, பின் இருக்கையில் மணப்பெண்ணும் என் மனைவியும். முன்னால், கோட்டு போட்டுக்கொண்டு மாமனார். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்காமல் நின்றேன். சற்று நேரத்தில் மாமனாரின் முகம் மாறியது.

"நின்னுட்டா, மாப்ள?"

"ஓடிட்டுத்தான் இருக்கு மாமா."

அவர் நம்பவில்லை. டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லேசான அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். பின்னால் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரயில் கடந்து, கேட் உயரும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவேயில்லை.