எலுமிச்சை நிறத் தொப்பி

வாசல் மணி அடித்தால் உல்லனம்மா எழுந்து வரமாட்டார். உள்ளிருந்தபடியே "பதினேழு!" என்று குரல் கொடுப்பார். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பழகியவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் இருக்கும் உல்லன் பின்னலில் ஒரு வரிசை முடியும்வரை அந்த அம்மாள் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் வேறு வார்த்தை பேசினால் கணக்குத் தப்பிவிடும்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் வீடு வெறிச்சோடிப் போயிற்று. "சும்மா உக்காந்து செவுத்தையா பாத்துட்டிருக்க முடியும்?" என்று பழைய கொக்கி ஊசியைத் தேடி எடுத்தார். மகள் ஃபோனில் படம் போட, உல்லன் பொம்மை, கைப்பை என்று ஆர்டர் வரத் தொடங்கியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் தன்னைத்தானே பேக்கிங் மேனேஜராக நியமித்துக்கொண்டார். சம்பளம், காபி.

வியாபார சாமர்த்தியம் மட்டும் உல்லனம்மாவுக்கு மருந்துக்கும் கிடையாது. பொம்மை வாங்க வந்தவரிடம், "வீட்ல நாய் இருக்கா? அப்ப வேணாங்க, கடிச்சுக் குதறிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய புண்ணியவதி!

ஆனால் குழந்தைத் தொப்பி என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாத் தொப்பிக்கும் மாதிரி ஒன்றுதான். மகள் வயிற்றில் இருந்தபோது, ஒற்றை அறை வாடகை வீட்டில், கணவர் பஸ்ஸோடு ஊர் ஊராய்ப் போயிருந்த நாட்களில் பின்னிய எலுமிச்சை நிறத் தொப்பி. "அப்ப எனக்குத் துணை, வயித்துல அவளும் கையில இதுவும்தான்" என்பார். அந்த நாட்களெல்லாம் திரும்பியா வரப்போகின்றன!

போன மாதம் ஓர் இளம்தாய் படத்தைப் பார்த்து, அதே நிறத்தில் அதே தொப்பி கேட்டாள். உல்லனம்மா புதிதாக ஒன்று பின்னி, அளவு சரிபார்க்கப் பழையதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வருவதற்குள் பேக்கிங் மேனேஜர் கடமையை முடித்திருந்தார். பழையது கூரியரில் போய்விட்டது.

"ரெண்டையும் தொட்டுப் பாத்தேன். அதுதான் மெத்துமெத்துன்னு இருந்துச்சு. நல்லதைத்தானே அனுப்பணும்?"

"துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனதுங்க அது! என் பொண்ணு தலையில இருந்ததைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டீங்களே!"

அன்றோடு ஊசி மூலைக்குப் போனது. கணவரோடு பேச்சும் நின்றது. மனுஷன் தானே காபி போட்டுக் குடித்தார். உல்லனம்மா ஃபோன் செய்து அழாத குறையாகச் சொன்னதும், "அதுக்கென்னம்மா, நானே கொண்டுவந்து மாத்திக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தோளில் குழந்தை, குழந்தை தலையில் தொப்பி. அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. "வழியில குளிருமேன்னு போட்டேன். இருங்க, கழட்டித் தரேன்."

உல்லனம்மா புதுத் தொப்பியும் கையுமாக நின்றார்.

"வேணாம்மா, கழட்டாதே. முழிச்சுக்கும்" என்றார் உல்லனம்மா கடைசியில். "இதையும் வச்சுக்கோ. மாத்தி மாத்திப் போடலாம்."

அப்போதுதான் பார்த்தார், பழைய தொப்பியின் ஓரத்தில் ஒரு கண்ணி நழுவியிருந்தது. ஊசியை எடுத்துவந்து, குழந்தை அசையாதபடி அதை இழுத்து முடிச்சிட்டார். மிச்ச நூல் நீட்டிக்கொண்டு நின்றது. கணவர் கத்தரிக்கோலை நீட்டினார். உல்லனம்மா வாங்கவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். நூல் அறுந்த பிறகும் சற்று நேரம் நிமிரவில்லை.