செல்வி அக்காவின் புருவம்

கொழும்பில், பார்லர் பெண் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் புருவத்தை நெருங்கியதும் பசறைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஞாபகம் வந்துவிட்டன. அப்பா எங்களை விட்டுப் போனபிறகு, அம்மா வாரமெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிறுகளில் பதுளைக்குப் போய் அழகுக்கலை படித்தாள். பழகிப் பார்க்க, பக்கத்து வீட்டு செல்வி அக்கா முகத்தைக் கொடுத்தாள். கொழுந்து பறித்த கை லேசில் நிற்குமா? கண்ணாடியைப் பார்த்து அக்கா அலறினாள். "ஐயோ, புருவத்தையே காணோமே!"

"பயப்படாத புள்ள, கவ்வாத்து வெட்டின தேயிலையாட்டம் நல்லா துளிர்க்கும்" என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

துளிர்க்கத்தான் செய்தது. பதுளையில் அம்மா சொந்தக் கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததும் அக்காதான், இரண்டு கையாலும் புருவத்தைப் பொத்திக்கொண்டு. "தலமுடிய மட்டும் வெட்டுங்கக்கா."

"மிஸ், கைய எடுங்க" என்கிறாள் பார்லர் பெண்.