எதிர்வீட்டுப் பால்கனிப் பெண்

என் தங்கையின் சலவைக்கடையில், பையைத் துழாவிப் பார்க்காமல் எந்தத் துணியும் தண்ணீருக்குள் போகாது. பஸ் டிக்கெட், மாத்திரை, ஒற்றைத் தோடு என்று எது கிடைத்தாலும் காகித உறையில் போட்டு, துணியோடு திருப்பித் தருவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்தவள். முதலாளி ஓய்ந்ததும் கடையையே எடுத்துக்கொண்டாள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் தேய்த்த காலரில் சுருக்கம் கண்டவர் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருடம் பொறாமை வந்தது. அதுவும், முப்பது வருடத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போன ஒரு பெண் மேல்.

எங்கள் பகுதிக்காரர்களைப் பேசவைத்துச் சிலர் கதைகளைப் பதிவு செய்தார்கள். சுவரில் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதைப் போனில் அழுத்தினால் அந்த இடத்தின் கதை காதில் கேட்கும். கேட்டபடியே தெருத்தெருவாக நடக்கலாம். நான் பெயின்டர். வட்டங்களை வரைந்தது நான்தான்.

மூன்றாம் எண், தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, சொன்ன கதை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேசும் சத்தத்துக்காகத் தெருவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். சலவைக்கடைக்கு எதிர்வீட்டுப் பால்கனியில் ஒரு பெண் நிற்பாளாம். இவர் பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம் இவரைப் பார்த்துச் சிரிப்பாளாம். அந்தச் சிரிப்புக்காகவே அந்தத் தடத்தைக் கேட்டு வாங்கினாராம்.

அதிலிருந்து தினமும் யாராவது கடைக்கு முதுகைக் காட்டி நின்று, பால்கனியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தங்கை இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைக்கும் சத்தம் எனக்கே கேட்கும்.

"அதை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மாப்பிள்ளையிடம்.

"எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. பழைய கதைதானே? இதுக்குப் போயி..."

"பழசுன்னா துவைக்கப் போடணும். இப்படித் தெருவில காயப்போடக் கூடாது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்களே சொல்லுங்க."

நான் எந்தப் பக்கம் என்று கேட்கவும் வேண்டுமா?

ஒரு வாரம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பதிவு செய்பவர்களைத் தானே கூப்பிட்டாள். "அண்ணா, என் கடைச் சுவர்ல நாலாம் நம்பர் போடு. பெருசாப் போடு" என்றாள். மூன்றைவிட ஒரு சாண் பெரிதாகவே போட்டேன். வட்டம் இம்மி பிசகவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை அந்தச் சுவருக்கு முன் நின்று போனைக் காதில் வைத்தார். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதால் எங்களுக்கும் கேட்டது.

"மூணாம் நம்பர் கேட்டுட்டு வந்திருப்பீங்க. அந்தப் பொண்ணுக்குக் கண்ணாடி இல்லாட்டி எதிர்ல யார் நிக்கறாங்கன்னே தெரியாது. வெளிய வந்தா கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கும். துணி வரும்போது நான்தான் எடுத்துக் குடுப்பேன். போற வர்ற பஸ் எல்லாத்தையும் பார்த்துச் சிரிக்கும், பாவம். அந்த டிரைவரைச் சரியாப் பார்த்தது, இங்க இஸ்திரி போட்டுக்கிட்டிருந்த பொண்ணு. அவர் யூனிஃபார்ம்ல பட்டன் விட்டிருந்தா சொல்லாமலே தச்சு வைக்கும். ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்ல. பஸ் கண்ணாடி எல்லாம் மேல பார்த்தே இருக்கும்போல."

மாப்பிள்ளை போனை இறக்கினார்.

"கண்ணாடி இல்லாம தெரியவே தெரியாதா?"

"இவ்வளவு சொல்லியிருக்கேன். உங்களுக்கு அதுதான் காதுல விழுந்துச்சா?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "பட்டன் நீ தச்சதுன்னு தெரியாதும்மா. உன் முதலாளி தச்சு வைக்கறார்னு நினைச்சேன். அவருக்குப் போய்ப் பெரிய நன்றியெல்லாம் சொன்னேன்."

"தெரியும். அந்தாளும் வாங்கிக்கிட்டார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே என் கதையை எடுக்கச் சொல்லிடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் தங்கை. "அதைக் கேட்டாத்தான் என்னோடது புரியும்."

இப்போது வருகிறவர்கள் பால்கனியைப் பார்த்துவிட்டுத் திரும்பி அவளைத் தேடுகிறார்கள். அவளும் தலையை நிமிர்த்தி நிற்கிறாள். ஆனால் எவராவது பால்கனியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டால், அன்றைக்கு மாப்பிள்ளையின் சாப்பாட்டில் உப்பு கூடிவிடுகிறது. அவர் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொள்கிறார்.